நாலாவது வரியின் வால்

“எனக்கு மட்டும் ஏன் டீச்சர் ஃபேன நிறுத்த மாட்டேங்கிறீங்க?”

தணிகாசலம் இதைக் கேட்பது முதல் தடவை இல்லை. மூன்று வருஷத்தில் முப்பது நாற்பது தடவை கேட்டிருப்பான்.

டீச்சர் வெந்நீர் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“நிறுத்தினா வேர்க்கும்ணா,” என்றாள்.

அவ்வளவுதான். எப்போது கேட்டாலும் அந்த ஒரே பதில்தான்.

*

டீச்சர் பெயர் சுகந்தி. வயசு இருபத்தேழு. தணிகாவைவிட ஆறு வயசு சின்னவள். அதனால் அவள் அவனை அண்ணா என்பாள். அவன் அவளை டீச்சர் என்பான்.

சினிமாவில் ஒரு பெரிய நாயகி அழுவாள், சிரிப்பாள், காதலனைத் திட்டுவாள். அத்தனையும் சுகந்தி குரல். நாயகியின் முகம் ஊர் முழுக்கச் சுவரில் இருக்கும். சுகந்தி காய்கறிக் கடையில் “அரைக்கிலோ கத்தரிக்கா” என்று கேட்டால், கடைக்காரர் தராசைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பார். எங்கேயோ கேட்ட குரலாச்சே என்று. அப்புறம் கத்தரிக்காயைப் போடுவார்.

சாலிகிராமத்தில் மாடியில் ஒரே அறை. அங்கேதான் குரல் பயிற்சி சொல்லித் தந்தாள். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க, சுவரோரம் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தி வைத்திருந்தாள். நடுவில் ஒரு மைக். மேலே ஒரு ஃபேன். இறக்கை ஒன்று கொஞ்சம் கோணல். கட கட கட என்று சுற்றும்.

மைக்கில் ஒருவர் குரலைப் பதியப் போகிறார்கள் என்றால் முதலில் ஃபேனை நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் அந்தக் கட கடவும் சேர்ந்து பதிந்துவிடும்.

டீச்சரிடம் இதில் ஒரு வழக்கம். படிக்க வருகிறவர்கள் பேசிப் பழகும்போது ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். என்றைக்கு அவளுக்குத் தோன்றுகிறதோ, அன்றைக்கு எழுந்து போய் நிறுத்துவாள். இனி இந்தக் குரல் பதியலாம் என்று அர்த்தம். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

பால் பாக்கெட் விளம்பரத்துக்குப் பேச வந்த பெண்ணுக்கு இரண்டாவது மாசமே ஃபேன் நின்றது. பட்டிமன்றத்தில் பேச ஆசைப்பட்டு வந்த பஸ் கண்டக்டருக்கு எட்டாவது மாசம் நின்றது.

தணிகாவுக்கு மூன்று வருஷமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அவனே போய் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து நின்றான்.

டீச்சர் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். எழுந்து போனாள். மறுபடி போட்டாள். வந்து உட்கார்ந்தாள்.

“எங்க விட்டீங்க?” என்றாள்.

அன்றைக்கு அவன் கூனிக் குறுகிப் போனான்.

*

தணிகா ராப் பாடுகிறவன்.

சென்னைக்கு வடக்கே, கடலும் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டும் ஒரே பார்வையில் தெரிகிற ஒரு குப்பம். அங்கே மூன்று சிநேகிதர்கள் சேர்ந்து ‘உப்புக்காத்து’ என்று ஒரு குழு வைத்தார்கள். பஷீர் கம்ப்யூட்டரில் தாளம் போடுவான். எபினேசர் பாடுவான். தணிகா வால் பிடிப்பான்.

வால் என்றால் இதுதான். எபிக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங். மூன்று வரி ஒரே ஓட்டமாக ஓடுவான். நாலாவது வரி முடிகிற இடத்தில் மூச்சு அறுந்துவிடும். கடைசி வார்த்தை வராது. அந்த ஒரு வார்த்தையைத் தணிகா பிடித்துக்கொள்வான், ஓடுகிற பஸ்ஸைத் தாவிப் பிடிக்கிற மாதிரி. கேட்கிறவர்களுக்கு மூச்சு அறுந்ததே தெரியாது.

முதல் ஆல்பம் அப்படித்தான் வந்தது. பன்னிரண்டு பாட்டு. ஒவ்வொன்றிலும் நாலாவது வரிக்கு நாலாவது வரி தணிகாவின் வால்.

அப்புறம் எபியை சினிமா கூப்பிட்டது. போனான்.

அங்கே வால் பிடிக்க ஆள் இல்லை. நாலாவது வரி முடிவில் மூச்சு அறுந்து நின்றான். அந்த இடம் வெறுமனே கிடந்தது. பாருங்க, ஜனங்களுக்கு அதுதான் பிடித்துப் போனது! அந்த இடைவெளிக்கு ‘எபி கேப்’ என்று பேரே வைத்துவிட்டார்கள். மேடையில் அவன் நிறுத்துவான். பத்தாயிரம் பேர் அந்த ஒரு வார்த்தையைக் கத்துவார்கள்.

எபி பெரிய ஆளாகிவிட்டான்.

ஊரில் தணிகா டீக்கடைக்குப் போனால், “இன்னா வாலு, ஒன் தலை எப்டிக்கீது?” என்பார்கள்.

அவனும் சிரிப்பான். சிரித்துவிட்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுவான்.

பஷீர்தான் விடவில்லை. “ரெண்டாவது ஆல்பம் போட்ரலாம் மச்சான். இந்தவாட்டி நீ முழுசாப் பாடு,” என்றான்.

முழுசாப் பாடுவது லேசா? தணிகாவின் நெஞ்சு ஒரு வார்த்தைக்குத்தான் பழகியிருந்தது. மைக் முன்னால் நின்றால் முதல் மூன்று வரிக்கு வாய் திறக்காது. வேறு யாரோ தொடங்கட்டும் என்று காத்திருக்கும். அந்தப் பழக்கத்தை விடத்தான் டீச்சரிடம் வந்தான்.

முதல் நாள் டீச்சர், “உங்க பேரச் சொல்லுங்கண்ணா,” என்றாள்.

“தணிகாசலம்.”

“சலம் மட்டும்தான் கேட்டுச்சு.”

அவன் கேலி என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

*

அது புதன்கிழமை காலை. வெள்ளிக்கிழமை இரண்டாவது ஆல்பம் வெளியாகிறது. ‘சாம்பல் சட்டை’ என்று பேர்.

“இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு டீச்சர். இப்பயும் ஃபேன் ஓடுது,” என்றான் தணிகா.

“ஓடட்டுமே. உங்க பாட்டும்தான் ஊரெல்லாம் ஓடுதாமே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கேட்டீங்களா?”

“இல்லண்ணா. நீங்க போட்டுக் காட்டுவீங்கன்னு இருந்தேன்.”

அவன் போனை எடுத்தான். கடல்காற்று பட்டுப் பட்டு அந்தப் போனில் காதில் வைத்துக் கேட்கிற இடம் பழுதாகிவிட்டது. எதுவானாலும் ஸ்பீக்கரில்தான் கேட்கும். அழுத்தப் போன விரல் அழுத்தாமல் நின்றது.

“போடுங்க,” என்றாள்.

போட்டான்.

“கொடியில காயும் சட்ட மேல சாம்பல் வந்து குந்தும்,
ஒதறி ஒதறிப் போட்டாலும் ஒட்டிக்கினே தொங்கும்,
எவன் வூட்டு பல்பெரிய எங்க வூடு மங்கும்,
ஏன்னு கேட்ட வாயிலெல்லாம் இருமல் வந்து...”

அங்கே நின்றது. ஒரு மூச்சுக்கான இடம் காலியாகப் போனது. அப்புறம் தாளம் விழுந்தது.

“இது எபி,” என்றாள் டீச்சர்.

“ஆமா டீச்சர். பழைய டேப்பு. மொத ஆல்பத்து நேரத்துல பாடினது. என் பழைய போன்ல கெடந்துச்சு.”

“எத்தன பேரு கேட்டாங்க?”

“ஞாயித்துக்கெழம நெட்டுல போட்டோம். நாலு நாளுல ஏழு லட்சம்.”

“நீங்க பாடினது?”

“அதுவும் ஒண்ணு போட்டோம்.”

“என்ன சொல்றாங்க?”

“பக்கத்து வூட்டு மாமா குளிக்கும்போது பாட்ற மாதிரிக்கீதாம்.” சிரிக்கப் பார்த்தான். உதடு பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது.

*

உண்மை என்னவென்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. பஷீர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். பஷீரின் அறையில் தணிகா தனியாக இருந்தான். ஆல்பத்தில் எட்டு பாட்டு முடிந்திருந்தது. எட்டும் அவனே பாடியது. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். எபி இருக்கானா? ரேஷன் கடையில் கேட்டார்கள். மச்சினன் கேட்டான். தணிகா மகளின் பள்ளிக்கூட வேன்காரர்கூடக் கேட்டார். இல்லை என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒன்று வந்து போகும். அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சலித்துவிட்டது.

ஒன்பதாவது பாட்டு அவன் எழுதியதுதான். அவன் அம்மா தோய்க்கிற துணியைப் பற்றியது. அதை அவன் குரலில் பத்துத் தடவை பாடிப் பார்த்தான். முதல் மூன்று வரி தடுக்கியது.

பதினோராவது தடவை சும்மா விளையாட்டுக்கு எபி மாதிரிப் பாடினான்.

தண்ணீர் மாதிரி வந்தது.

வராமல் என்ன செய்யும்? எபி எங்கே இழுப்பான், எங்கே கடிப்பான், எங்கே மூச்சு திணறுவான் என்று பத்து வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன். அவனைவிட எபி குரல் யாருக்குத் தெரியும்?

பஷீரின் ஃபேனை நிறுத்தினான். கதவைச் சாத்தினான். பதிந்தான்.

தொழுதுவிட்டு வந்த பஷீரிடம், “மச்சான், பழைய போன்ல ஒண்ணு மாட்டிச்சு,” என்றான்.

பஷீர் கேட்டான். கேட்டுவிட்டு, போட்டிருந்த தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். “நம்ம எபிடா. சினிமாவுக்குப் போறதுக்கு முன்ன இருந்த நம்ம எபிடா,” என்றான்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போஸ்டரில் ‘எபியுடன்’ என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். எபியிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று பேச்சு வந்தபோது பஷீர், “நம்ம பையன்டா, அவன இன்னாத்துக்குக் கேக்கணும்?” என்றான். அப்போதும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து தணிகா போனும் கையுமாக இருந்தான். ‘எபி வந்துட்டான்!’ ‘தொண்டையா இது, தங்கம்.’ ‘மத்தவன் பாட்றதெல்லாம் ஓட்டப் படகு, இது ஒண்ணுதான் கரை சேரும்.’

படிக்கப் படிக்க நெஞ்சு இனித்தது. அது அவன் தொண்டை, அவன் எழுத்து. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஊர் அவனைப் புகழ்ந்தது. படித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான். திருட்டு மீனும் ருசியாகத்தான் இருக்கும், முள்தான் தொண்டையில் நிற்கும்.

அவன் பெண்டாட்டி, “ஏன், எபி அண்ணன் பாட்ட நாலு பேரு பாராட்டினா ஒனுக்கு மூஞ்சி சுண்டிப்போவுது?” என்று கேட்டாள். பொறாமை என்று நினைத்துவிட்டாள்.

பொறாமை என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

*

“இன்னொரு வாட்டி போடுங்க,” என்றாள் டீச்சர்.

போட்டான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

“முதல் ஆல்பத்துல ஏதாவது ஒண்ணு போடுங்க.”

தேடிப் போட்டான். எபி மூன்று வரி ஓடினான். நாலாவது வரி முடிவில் மூச்சு அறுந்தது. தணிகாவின் குரல் பாய்ந்து வந்து வாலைப் பிடித்தது. இருபத்துமூன்று வயசுத் தணிகா. பயமே இல்லாத குரல்.

டீச்சர் லேசாகச் சிரித்தாள். “நல்லாப் புடிக்கிறீங்க.”

“ஒரு வார்த்ததான டீச்சர்.”

“இப்ப அந்தப் புதுசு. சாம்பல்.”

மறுபடி போட்டான். ‘இருமல் வந்து’ என்று நின்றது. காலி இடம் போனது. தாளம் விழுந்தது.

டீச்சர் கண்ணைத் திறந்தாள்.

“இந்தப் பழைய டேப்புல நீங்க எங்கண்ணா?”

ஃபேன் கட கட என்று சுற்றியது.

தணிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய டேப் என்றால் அந்த இடத்தில் அவன் வால் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலி இடம் எபி சினிமாவுக்குப் போன பிறகு வந்தது. எபி மாதிரியே பாடவேண்டும் என்ற வேகத்தில் இன்றைய எபியைப் பாடிவிட்டான். தன்னைச் சேர்க்க மறந்துவிட்டான். ஏழு லட்சம் பேர் கேட்டார்கள். அதில் ஒருத்தர்கூட அவனைத் தேடவில்லை.

“அன்னிக்கு நான் வரல டீச்சர்,” என்றான். “காய்ச்சலு.”

“சரிண்ணா.”

கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் வெந்நீரை டம்ளரில் ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தொடவில்லை. ஆவி எழுந்து ஃபேன் காற்றில் கலைந்துகொண்டிருந்தது.

அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வேறென்ன வரும்?

“நீங்க மட்டும் இன்னா டீச்சர்?” என்றான். குரல் உடைந்து ஏறியது. “ஒங்க கொரல எவளோ ஒருத்தி வாயில போட்டுக்கினு சுத்துறா. அவளுக்கு மால, அவளுக்குக் கைதட்டு. ஒங்க பேரு தேட்டர்ல யாருக்குத் தெரியும்? ஒங்களுக்கு வெக்கமா இல்ல?”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டீச்சருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. அவன் தொடாத டம்ளரை எடுத்து அவளே ஒரு வாய் குடித்தாள்.

“அந்தம்மாவுக்குத் தெரியும்ணா,” என்றாள்.

“எது?”

“அது என் குரல்னு.”

*

போன் அடித்தது. பஷீர்.

“எடுங்க,” என்றாள் டீச்சர்.

“மச்சான்!” பஷீர் கத்தினான். அறை முழுக்கக் கேட்டது. “எபி பேசினான்டா எனக்கு! அஞ்சு வருஷம் கழிச்சு! பாட்டக் கேட்டுட்டானாம். வெள்ளிக்கெழம மலேசியாவுல மேடையாம். அங்க நம்ம ஆல்பம் பேரச் சொல்லி, சாம்பல் பாட்ட அவனே பாடப் போறானாம்! நாம கரையேறிட்டோம்டா. ஒன் நம்பர் கேட்டான், குடுத்துக்கிறேன். தோ அடிப்பான் பாரு. அல்லாவே, மச்சான்!”

“பஷீரு...”

“வையி வையி, அவன் அடிக்கப் போறான்!”

வைத்துவிட்டான்.

தணிகா டீச்சரைப் பார்த்தான். அவள் மைக்குக்குக் கீழே கிடந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், இப்ப இன்னா பண்றது?”

அவள் ஒயரைச் சுருட்டி முடித்தாள். முடிச்சுப் போட்டாள்.

அவனுக்குக் கணக்குத் தெரிந்தது. சொன்னால் எபி போவான், பஷீர் போவான், ஆல்பம் போகும். டீக்கடையில் வாலு என்று கூப்பிட்டவர்கள் இனி வேறு பேர் வைத்துக் கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பத்தாயிரம் பேருக்கு முன்னால் எபி அந்தப் பொய்யைத் தன் பாட்டு என்று நம்பிப் பாடுவான்.

போன் மறுபடி அடித்தது. தெரியாத நம்பர்.

எடுத்தான்.

“வாலு,” என்றது போன்.

அந்தப் பேரை எபி வாயால் ஐந்து வருஷம் கழித்துக் கேட்கிறான். டீக்கடையில் கேட்கிற மாதிரி இல்லை. எபி சொன்னால் அது பேர்.

“எபி...”

“எப்டிடா கீற? பொண்ணு இஸ்கூல் போவுதா?”

“ரெண்டாவது படிக்குது.”

“ரெண்டாவதா? அடப்பாவி.” சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. இருமி முடித்துவிட்டு, “டேய், அந்தச் சாம்பல் பாட்ட நான் எப்படா பாடினேன்?” என்றான்.

தணிகா போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

“எனுக்கு ஞாபகமே இல்லடா. ஆனா கேட்டுட்டு ஓட்டல் ரூம்ல குந்திக்கினு அழுதேன், தெரியுமா? நாலு மாசமா ஒரு வரி எழுத வரல மச்சான் எனுக்கு. எத்த எழுதினாலும் பழைய பாட்டு மாதிரியே வருது. இத்தக் கேட்டதும், சரி, ஒரு காலத்துல நமக்கும் வந்துதுடான்னு ஒரு இது. அம்மா சட்ட தோய்க்கிறத எப்டி எழுதிக்கிறேன் பாரேன்!”

“எபி, ஒண்ணு...”

“இருடா, நான் ஒண்ணு கேக்கணும். நாலாவது வரி. காலியாக் கெடக்குதே. அங்க ஒன் வால் எங்கடா? நீ இல்லாத டேப்பு நம்மகிட்ட ஒண்ணுகூடக் கெடையாதே. அன்னிக்கு எங்கடா போன?”

அதே கேள்வி. பதில்கூடத் தயாராக இருந்தது. காய்ச்சலு. ஒரு தடவை சொல்லிப் பழகிய பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது.

டீச்சர் அவனைப் பார்க்கவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வுடு, எங்கயாவது பொறுக்கப் போயிருப்ப,” என்றான் எபி. “வெள்ளிக்கெழம நான் இத்தப் பாடணும். மனப்பாடம் பண்ணிட்டேன். சரியா வருதா சொல்லு.”

எபி பாடத் தொடங்கினான். ஸ்பீக்கரில், தாளம் இல்லாமல், தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

“கொடியில காயும் சட்ட மேல சாம்பல் வந்து குந்தும்...”

தணிகா கண்ணை மூடிக்கொண்டான். அவன் எழுதிய வரி. அவன் அம்மாவின் கொடி. எபி இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தான். கடிக்க வேண்டிய இடத்தில் கடித்தான். தணிகா பாடியதை அப்படியே பிடித்துப் பாடினான். எபி எபியைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தான்.

“எவன் வூட்டு பல்பெரிய எங்க வூடு மங்கும், ஏன்னு கேட்ட வாயிலெல்லாம் இருமல் வந்து...”

நின்றான்.

மேடையில் நிறுத்துகிற நிறுத்தம் இல்லை அது. நிஜமாகவே மூச்சு அறுந்திருந்தது. போனில் அந்த வீசிங் கேட்டது. பழைய நாளில் பக்கத்தில் நின்று கேட்ட அதே இழுப்பு.

“தங்கும்,” என்றான் தணிகா.

அவன் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. வாய் தானாகப் பிடித்தது. அவனுடைய சொந்தக் குரலில்.

அந்தப் பக்கம் எபி மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். “தோ! இதான்டா. இது இல்லாமதான் அஞ்சு வருஷமா...”

“எபி.”

“சொல்லுடா.”

“அது நீ பாடல.”

“இன்னாது?”

தணிகாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. காதுவரைக்கும் எரிந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். யாராவது தொடங்கட்டும் என்று நெஞ்சு வழக்கம்போலக் காத்திருந்தது. தொடங்க யாரும் இல்லை.

“நான் பாடினது. பழைய டேப்பெல்லாம் இல்ல. ரெண்டு வாரம் முன்ன, பஷீரு இல்லாதப்ப, ஒன் கொரல்ல நான் பாடினேன். எழுதினது நானு. எங்கம்மா சட்ட அது. பஷீருக்குக்கூடத் தெரியாது, அவன ஒண்ணும் சொல்லாத. எல்லாரும் ஒன்னியே கேட்டாங்கடா. நான் பாடினா ஒருத்தனும் நின்னு கேக்கல. அதான். அதுக்காவத்தான் பண்ணேன். வேற ஒண்ணும் இல்ல. தப்பு எபி. திருட்டு வேல.”

போனில் ஒன்றும் கேட்கவில்லை. வீசிங்கூடக் கேட்கவில்லை. வைத்துவிட்டானா என்றால், திரையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது.

தணிகா குனிந்த தலை நிமிரவில்லை. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து சொட்டியது.

மேலே ஃபேன் கட கட என்று சுற்றிக்கொண்டிருந்தது.

டீச்சர் எழுந்தாள். போய் ஃபேனை நிறுத்தினாள்.